ரங்கூன் ஆறாம் மாடியில் மீன் தொட்டி: ஷான் மலை மீன் தாங்குமா?

அலோன்_ஆறாம்மாடி

எல்லாருக்கும் வணக்கம். அலோன்ல வாடகை வீடு, ஆறாம் மாடி, லிஃப்ட் கிடையாது. வழக்கமான பன்னிரண்டரை அடி அகலம், 50 அடி நீளம். முன் ரூம்ல பக்கச் சுவரை ஒட்டி 2 அடித் தொட்டி வைக்கப் போறேன். 24 இன்ச் நீளம், 12 அகலம், 15 உயரம், 6 மில்லி கண்ணாடி. கண்ணாடிக் கடையில ஒட்டிக் கொடுத்துட்டாங்க, சிலிக்கான் காய்ஞ்சுக்கிட்டு இருக்கு.

மீன் விஷயத்துலதான் உங்க உதவி வேணும். கேலக்ஸி ரஸ்போரான்னு சொல்றாங்களே, கருநீல உடம்புல முத்து முத்தா புள்ளி, செட்டையில சிவப்புப் பட்டை, அதை ஜெர்மன்காரர் ஒருத்தர் வீடியோவுல பார்த்தேன். அப்புறம்தான் தெரிஞ்சது அது நம்ம பர்மா மீனாம். நம்ம ஊர் மீனை அவங்க அங்க வளர்க்கும்போது நாம ஏன் வளர்க்கக் கூடாது? கடைக்காரர் ஷான் மலை டவுன்ஜிலேருந்து எடுத்துத் தர்றேன்ங்கிறார்.

கேள்வி மூணு. 20 மீன் விடலாமா? கேனிஸ்டர் ஃபில்டர் வாங்கவா? ஹீட்டர் வேணுமா? கரண்டு எங்க தெருவுல 4 மணி நேரம் இருக்கும், 8 மணி நேரம் போகும். சில நாள் அந்தக் கணக்கும் கிடையாது.

கப்பிக்காரன்

தம்பி, கப்பி வாங்கி விடுங்க. பத்து வாங்கினா நூறு ஆகும். பிரச்சினை தீர்ந்தது.

மோல்மேன்_மணி

கப்பிக்காரருக்கு எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான். அதை அப்புறம் பார்ப்போம்.

தம்பி, நீங்க மீனைப் பிடிச்சுக்கிட்டு அதுக்கு ஏத்த தொட்டி தேடுறீங்க. ரங்கூன்ல அது நடக்காது. சித்திரை வெயிலையும் உங்க தெரு கரண்டையும் முதல்ல கணக்குல எடுங்க, அதுல எது பிழைக்குமோ அந்த மீனை வாங்குங்க.

"நம்ம பர்மா மீன்" சரி. ஆனா பர்மான்னா எந்த பர்மா? அந்த மீன் 2006 ஆகஸ்ட்ல ஹோபோங் பக்கத்துக் குளங்கள்ல கிடைச்சது. டவுன்ஜிக்குக் கிழக்கே, கடல் மட்டத்துக்கு மேல 1000 மீட்டர் தாண்டின இடம். டேனியோ மார்கரிட்டாட்டஸ்னு இப்ப பேர். 2 சென்டிமீட்டர், மிஞ்சிப் போனா இரண்டரை. புல் மண்டின ஆழமில்லாத தெளிஞ்ச தண்ணி, 20லேருந்து 25 டிகிரி சூடு, அதுதான் அதுக்குப் பழக்கம். ஜெர்மன்காரர் வீட்டு ஹால் வருஷம் முழுக்க 22 டிகிரியில இருக்கும். அவர் வீடு ஹோபோங்குக்குக் கிட்ட, உங்க வீடு ஹோபோங்குக்குத் தூரம்.

ஆறாம் மாடி, மேல தகரமோ மொட்டை மாடியோ எதுவானாலும் ஏப்ரல்ல தொட்டித் தண்ணி 32, 33 தொடும். சூடு ஏற ஏற தண்ணியில கரையுற ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும், 32ல 7 சொச்சம்தான். அதே நேரம் சூட்டுல மீனுக்கு மூச்சுத் தேவை கூடும். வரவு குறையுது, செலவு கூடுது, அதுக்கு நடுவுல 8 மணி நேரம் பம்ப் நின்னு போகுது. திஞ்ஞான் தண்ணித் திருவிழா சமயத்துல ஊரே தண்ணியில ஆடும்போது உங்க தொட்டி மட்டும் வெந்துக்கிட்டு இருக்கும்.

ஹீட்டர் வேண்டாம். ரங்கூன்ல ஹீட்டர் வாங்குறவரை நான் பார்த்ததே இல்லை.

பவர்கட்_பாண்டி

மணி அண்ணே சொன்னதுல கரண்டுப் பகுதியை மட்டும் நான் எடுத்துக்கிறேன்.

கேனிஸ்டர் வேண்டாம் தம்பி. அது மூடின டப்பா. ஃபில்டர்ல அழுக்கைத் தின்னுற பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேணும். தண்ணி ஓடுற வரைக்கும் கிடைக்கும். ஓட்டம் நின்ன சில மணி நேரத்துல உள்ள இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். அப்புறம் கரண்டு வந்ததும் அந்த நாத்தத் தண்ணி மொத்தத்தையும் தானாவே தொட்டிக்குள்ள தள்ளும். நீங்க வேலைக்குப் போயிருப்பீங்க.

ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடுங்க. தொட்டிக்குள்ளயே திறந்தபடி நிக்கிறதால பம்ப் நின்னாலும் பாக்டீரியா உடனே சாகாது. அதை ஓட்ட ஒரு சின்ன ஏர் பம்ப் போதும். யுஎஸ்பில ஓடுற 5 வோல்ட் ஏர் பம்ப் கிடைக்குது, ரெண்டு மூணு வாட்தான் இழுக்கும். 20,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க் ஒண்ணு இருந்தா ராத்திரி முழுக்க தாராளமா தாங்கும். வீட்டுல ஏற்கெனவே சோலார் பேட்டரி இருந்தா அதுலேருந்தே ஒரு லைன் இழுத்துடலாம்.

வாங்கும்போது ஒண்ணு பாருங்க. சில பவர் பேங்க் சார்ஜ் ஏறும்போது வெளிய கொடுக்காது. சில பவர் பேங்க், இழுப்பு குறைச்சலா இருந்தா தானா அணைஞ்சுடும். கடையிலேயே பம்பை மாட்டி அரை மணி நேரம் ஓட விட்டுப் பார்த்துட்டு வாங்குங்க. கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இன்னொண்ணு, ஏர் பம்பைத் தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க. கீழ வைக்கணும்னா குழாயில நான்ரிட்டர்ன் வால்வு போடுங்க. இல்லாட்டி கரண்டு நின்னதும் தண்ணி குழாய் வழியா இறங்கிப் பம்புக்குள்ள வந்துடும். எல்லா ஒயரும் பிளக்குக்குக் கீழ ஒரு தொங்கல் விட்டு மேல ஏறட்டும். அப்பதான் சொட்டுற தண்ணி தொங்கல்ல விழும், பிளக்குக்குள்ள போகாது.

டவுன்ஜி_வாத்தியார்

எங்கள் பக்கத்து மீனைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் டவுன்ஜியில் இதே மீனை வைத்திருக்கிறேன். இங்கே என் கவலை தலைகீழ். மார்கழி, தை மாத இரவுகளில் குளிர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். தொட்டியைச் சுற்றித் தெர்மோகோல் அட்டை, அதன் மேல் ஒரு பழைய கம்பளி. இங்கே ஹீட்டர் வேண்டும், ஆனால் அதை ஓட்டக் கரண்டு இல்லை.

இந்த மீனின் கதையையும் தம்பி தெரிந்துகொள்வது நல்லது. கண்டுபிடித்த செய்தி 2006 இறுதியில் வெளியே வந்தது. அறிவியல் பெயர் வைப்பதற்குள்ளேயே வியாபாரிகள் வந்துவிட்டார்கள். 2007 தொடக்கத்திலேயே குளங்கள் காலியாகிவிடும் என்று பெரிய கூச்சல் எழுந்தது. பிறகு வேறு குளங்களிலும் இருப்பது தெரிந்தது, வெளிநாட்டுக்காரர்கள் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவும் கற்றுக்கொண்டார்கள். இன்று உலகச் சந்தையில் விற்பதில் பெரும்பகுதி தொட்டியில் பிறந்தது. உங்கள் கடைக்காரர் "எடுத்துத் தருகிறேன்" என்பது அநேகமாகக் குளத்தில் வலை போட்டது. அதை மலையிலிருந்து பஸ்ஸில், பிளாஸ்டிக் பையில், இரவு முழுக்க இறக்கிக் கொண்டுவருவார்கள். வந்து சேர்வதில் பாதி அடுத்த வாரம் இருக்காது.

இன்லே ஏரி மீன்களைப் பற்றியும் யாராவது ஆசை காட்டுவார்கள். மூக்கும் வால் நுனிகளும் சிவந்த, செதிலே இல்லாத சாவ்ப்வா ரெஸ்ப்ளெண்டன்ஸ், பச்சைப் பட்டை போட்ட டேனியோ எரித்ரோமைக்ரான். இரண்டையும் 1918லேயே ஆனண்டேல் என்பவர் எழுதி வைத்துவிட்டார். இவற்றுக்கும் அதே பேச்சுதான். இன்லே சுமார் 880 மீட்டர் உயரம், சுற்றிலும் சுண்ணாம்புக் கல் மலை, தண்ணீர் கடினம், காரத் தன்மை. ஏரிக்குப் போகிறவர்கள் ஙாபெய்ன் கெண்டையைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். புல்லுக்குள் இருக்கும் இந்தச் சிறுசுகளை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

அலோன்_ஆறாம்மாடி

வாத்தியார் ஐயா, நன்றி. மனசு கொஞ்சம் உடைஞ்சுபோச்சு, ஆனா புரியுது. ஃபேன் வச்சு ஊதினா குளிராதா? எங்கயோ படிச்சேன்.

மோல்மேன்_மணி

குளிரும். தண்ணி மேல ஃபேன் காத்து பட்டா ஆவியாகி 2, 3 டிகிரி இறங்கும். ஆனா மூணு விஷயம். ஃபேனுக்கும் கரண்டு வேணும். தினம் ஒரு சொம்பு, ரெண்டு சொம்பு தண்ணி குறையும், ஊத்திக்கிட்டே இருக்கணும். ரங்கூன்ல காத்துல ஈரம் ஏறிட்டா, அதாவது மே மாசம் மழைக்கு முன்னாடி புழுக்கத்துல, ஆவியாகுறதே குறைஞ்சுடும். உங்களுக்கு ரொம்பத் தேவைப்படுற நேரத்துல அது கை கொடுக்காது.

ஐஸ் பாட்டில் போடுறேன்னு கிளம்பிடாதீங்க. மதியம் 28, ராத்திரி 33, மறுபடி 28ன்னு ஏத்தி இறக்கினா சீராச் சூடா இருக்கிறதை விட அது மோசம். வெள்ளைப் புள்ளி வியாதி வர நல்ல வழி.

சிரியம்_செல்வி

எல்லாரும் வேண்டாம் வேண்டாம்னு சொல்லிப் பையனை விரட்டிடாதீங்கப்பா. என்ன வளர்க்கலாம்னு நான் சொல்றேன்.

தம்பி, காத்தைக் குடிக்கிற மீன் வாங்கு. கரண்டு போனா மேல வந்து ஒரு வாய் காத்தை விழுங்கிட்டுப் போயிடும், பம்ப் ஓடுதா நிக்குதான்னு அதுக்குக் கவலையே இல்லை. நம்ம ஐராவதி ஆத்துப் பக்கத்துலயே அப்படி ஒரு அழகான மீன் இருக்கு, தடிச்ச உதட்டு கௌராமி. டிரைக்கோகாஸ்டர் லேபியோசான்னு பேர். 1877ல பிரான்சிஸ் டே என்கிறவர் பர்மா மீனை வச்சுத்தான் இதுக்குப் பேரே வச்சார். 8, 9 சென்டிமீட்டர் வளரும். ஆம்பளை மீன் கூடு கட்டுற சமயத்துல உடம்பு கறுத்து, செட்டை ஓரம் ஆரஞ்சா மின்னும். தண்ணி மேல நுரையால கூடு கட்டி, முட்டையை வாயில எடுத்து எடுத்து அதுல ஒட்டி வச்சு காவல் நிக்கும். எங்க வீட்டுல குழந்தைங்க டிவியை அணைச்சுட்டு இதைத்தான் பார்க்குதுங்க.

அடியில விட அயிரை. ஊர்ல குழம்பு வைக்கிற அயிரையோட பங்காளி இங்க இருக்கு, லெபிடோசெஃபாலிக்திஸ் பெர்ட்மோரி. உடம்பெல்லாம் புள்ளியும் கோடும், மணல்ல தலையை விட்டுத் துழாவிக்கிட்டே இருக்கும். இதுவும் மேல வந்து காத்தை விழுங்கும், குடல் வழியா மூச்சு விடுற ஜாதி. இதுக்குக் கூர்மையான ஜல்லி போடாதே, மீசை தேஞ்சுபோகும். ஆத்து மணல், நல்லாக் கழுவினது.

உன் தொட்டிக்கு கௌராமி ஒரு ஆண், ரெண்டு பெண். அயிரை அஞ்சாறு. அவ்வளவு போதும்.

பனையேறிக் கெண்டையும் காத்துக் குடிக்கும்தான். அதை விட்டுடாதே. மத்ததையெல்லாம் தின்னுட்டு மூடியையும் தள்ளிட்டு வெளிய நடந்து போயிடும்.

கப்பிக்காரன்

அக்கா, கப்பியும் மேல்மட்டத்துல வாயை வச்சு மூச்சு விடும். 32 டிகிரியும் தாங்கும். நான் சொன்னதுல என்ன தப்பு?

சிரியம்_செல்வி

தப்பில்லை. மொட்டை மாடித் தண்ணி டிரம்ல நானும் நாலு விட்டிருக்கேன், கொசுப் புழுவைத் தின்னுடும், டெங்கு காலத்துல நிம்மதி. ஆனா தொட்டியில மூணு மாசத்துல குட்டி எண்ண முடியாது. அப்புறம் எங்க கொண்டு போய் விடுவீங்க?

கப்பிக்காரன்

கண்டோஜி ஏரியில. புண்ணியம்தானே.

டவுன்ஜி_வாத்தியார்

விளையாட்டுக்குச் சொன்னாலும் இதைக் கடந்து போக மனமில்லை. பர்மியக் கஸோன் மாதம் வற்றுகிற குட்டையிலிருந்து மீனை எடுத்து ஆற்றில் விடுவது இந்த நாட்டின் நல்ல பழக்கம். அந்த மீன் அந்த ஆற்றுக்குச் சொந்தமானது. கடையில் வாங்கிய தென் அமெரிக்க மீனைக் கண்டோஜியிலும் இன்யா ஏரியிலும் விடுவது அதில் சேராது. திலேப்பியா வெளியிலிருந்து வந்து இன்லேயில் நிலைத்துவிட்டதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். கொட்ட இடமில்லை என்றால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், காசு வாங்காமல் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்.

அலோன்_ஆறாம்மாடி

செல்வி அக்கா, கௌராமி படம் தேடிப் பார்த்தேன். பிடிச்சுப் போச்சு. எங்க வீட்டம்மாவுக்கு அயிரைதான் பிடிச்சிருக்கு, குழம்பு வைக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்.

இப்ப தண்ணி. எங்க பில்டிங்ல டியூப்வெல். பிடிச்சதும் கண்ணாடி மாதிரி இருக்கு, காலையில வாளி அடியில செம்மண் நிறத்துல படியுது. இதை ஊத்தலாமா? எவ்வளவு பாரம் வரும்? வீட்டுக்காரர் கேக்குறார்.

சிரியம்_செல்வி

அது இரும்பு. காத்துப் பட்டதும் துருவாகிப் படியும். நேரா ஊத்தினா செவுள்ல படிஞ்சு மீன் மூச்சு முட்டும். டிரம்ல பிடிச்சு, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு ராத்திரி ஓட விடு. அடியைக் கலக்காம மேல்தண்ணியை மட்டும் துணியில வடிகட்டி எடு. கரண்டு இல்லாட்டி சொம்பால மொண்டு மொண்டு ஊத்து, கைவலிதான், ஆனா வேலை ஆகும்.

எங்க பக்கம் வெயில் காலத்துல கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்கும். அப்ப மழைத் தண்ணிதான். அதை மட்டுமே ஊத்தக் கூடாது, அதுல உப்புச் சத்தே இருக்காது. பாதிக்குப் பாதி கலந்துக்குவேன்.

பவர்கட்_பாண்டி

பாரம்: நிரம்ப ஊத்தினா 70 லிட்டர், தண்ணி மட்டும் 70 கிலோ. பர்மா வீசைக் கணக்குல 43. கண்ணாடி, மணல், ஸ்டாண்டு சேர்த்தா 100 கிலோவுக்குக் கிட்ட வரும். பெரிய ஆள் ஒருத்தர் ஓரமா நிக்கிற பாரம்தான், சுவர் ஓரம்னா வீட்டுக்காரர் பயப்பட வேண்டாம். பால்கனியில மட்டும் வைக்காதீங்க, பாரமும் ஆகாது, வெயிலும் ஆகாது.

விளிம்பு வரைக்கும் ஊத்தாதீங்க. 2025 மார்ச் 28 பூகம்பம் நம்ம ஊர்லேருந்து அவ்வளவு தூரத்துல, மாந்தலே, சகாய்ங் பக்கம். அப்படியும் இங்க தொட்டித் தண்ணி அலையடிச்சுத் தரையில கொட்டினதை எத்தனை பேர் பார்த்தோம். மேல ரெண்டு இன்ச் விடுங்க, ஸ்டாண்டைச் சுவரோட கிளாம்ப் போட்டுக் கட்டுங்க. மூடியும் போடணும்.

மோல்மேன்_மணி

மூடிக்கும் தண்ணிக்கும் நடுவுல காத்து இருக்கணும், கௌராமி அதைத்தான் குடிக்கும். பாண்டி சொன்ன ரெண்டு இன்ச் அதுக்கும் ஆகும்.

இப்ப முக்கியமான இடம். தம்பி, தண்ணி ஊத்தின அன்னைக்கே மீன் விடாதீங்க. மீன் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியா ஆகும். அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு கெடுதல் இல்லை, செடி தின்னும், மிச்சத்தை நீங்க தண்ணி மாத்திக் குறைக்கலாம். இந்த ரெண்டு கூட்டமும் ஸ்பாஞ்சுல குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். காத்தைக் குடிக்கிற மீனும் அம்மோனியாவுக்குத் தப்பாது, இதைச் செல்வி எழுத விட்டுட்டாங்க.

அதனால வெறும் தொட்டியை ஓட விடுங்க. தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்க, அது அழுகி அம்மோனியா தரும். தெரிஞ்சவங்க தொட்டியில ஓடின பழைய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு கிடைச்சா உங்க ஸ்பாஞ்சோட சேர்த்துக் கட்டுங்க, பாதி நாள் மிச்சம். டெஸ்ட் கிட்டுல அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம் ரெண்டும் வந்தாத்தான் மீன்.

பிஎச், அதாவது தண்ணியோட அமில, காரக் கணக்கு, தெரிஞ்சு வச்சுக்கங்க. அம்மோனியா ஒரே அளவு இருந்தாலும் பிஎச் 7ல இருக்கிறதைவிட 8ல அதோட விஷப் பகுதி பத்து மடங்குக்குக் கிட்ட. சூடு கூடினா இன்னும் கூடும். உங்க டியூப்வெல் எத்தனைன்னு பார்த்து எழுதுங்க.

ஸ்பாஞ்ச் அழுக்கானா தொட்டித் தண்ணியையே வாளியில எடுத்து அதுல பிழியுங்க. சோப்பு, குளோரின் தண்ணி எதுவும் கிட்ட வரக் கூடாது.

டவுன்ஜி_வாத்தியார்

செடிக்குக் கடைக்கு ஓட வேண்டாம். வேலம்பாசி, வாலிஸ்னேரியா இரண்டும் ரங்கூனைச் சுற்றியுள்ள குளங்களிலேயே கிடைக்கும். நத்தை முட்டை ஒட்டியிருக்கும், ஒரு வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள். பேடா, அதாவது ஆகாயத் தாமரை, வேண்டாம். பூ அழகுதான், ஆனால் அது வெளிச்சத்தை மூடிவிடும், உங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே முன்பக்கமும் பின்பக்கமும்தான் வெளிச்சம்.

பண்டா மரத்து இலை, அதாவது நாட்டு வாதுமை, தானாகச் சிவந்து விழுந்தது ஒன்று போடுங்கள். தண்ணீர் டீ நிறமாகும். கௌராமிக்குப் பிடிக்கும்.

அலோன்_ஆறாம்மாடி

மூணு வாரம் கழிச்சு வர்றேன். தொட்டி ஓடுது. பிஎச் 7.2. கண்ணாடியெல்லாம் பழுப்பா ஒரு படலம். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் இன்னும் ஊதா நிறத்துலயே இருக்கு. பக்கத்து வீட்டுப் பாட்டி தினம் வந்து, "மீன் எங்கப்பா?"ன்னு கேக்குறாங்க. தண்ணியை விலை கொடுத்து வாங்கிப் பார்க்கிறவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்க்கிறாங்க.

இன்னொரு கேள்வி. கௌராமி மேல மூணுதான், கீழ அயிரை. நடுவுல காலியா இருக்கே?

மோல்மேன்_மணி

பழுப்புப் படலம் டயாட்டம்ங்கிற பாசி. புதுத் தொட்டியில எல்லாருக்கும் வரும், துணியால துடைங்க. நைட்ரைட் இறங்கட்டும், பாட்டியைச் சமாளிங்க.

நடுவுக்கு என் ஊர்க்காரனைச் சிபாரிசு பண்ணுறேன். முத்து டேனியோ, டேனியோ அல்போலினியாட்டஸ். 1860ல பிளைத்ங்கிறவர் எழுதினது, எங்க மோல்மேன் பக்கத்துத் தெனாசரிம் மீன். சாயங்கால வெயில் பக்கவாட்டுல பட்டா ஊதாவும் ரோஸும் ஓடும். கடைத் தொட்டியில டியூப் லைட்டுக்குக் கீழ வெளிறிப்போய் நிக்கும், அதனால யாரும் வாங்க மாட்டாங்க, விலையும் குறைச்சல். கேலக்ஸியை விடச் சூடு தாங்கும். ஆனா இது காத்துக் குடிக்காது, ஓட்டக்காரன் வேற. 2 அடியில ஆறுக்கு மேல வேண்டாம், முதல் ஏப்ரல் கழியட்டும், அப்புறம் விடுங்க. துள்ளும், மூடியில ஓட்டை இருந்தா தரையில கருவாடுதான்.

கப்பிக்காரன்

அந்த ஆறுக்குப் பதிலா ஆண் கப்பி ஆறு விட்டா குட்டியும் போடாது.

மோல்மேன்_மணி

இந்த ஒரு தடவை அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

பவர்கட்_பாண்டி

தம்பி, பவர் பேங்க் எப்படி?

அலோன்_ஆறாம்மாடி

முதல்ல வாங்கினது நீங்க சொன்ன மாதிரியே தானா அணைஞ்சுது, கடையிலேயே மாத்திட்டேன். இப்ப இருக்கிறது விடிய விடிய ஓடுது.

நேத்து டெஸ்ட் பண்ணினேன். நைட்ரைட் பூஜ்யம். ரெண்டு நாளா பூஜ்யம். செல்வி அக்கா, இப்ப சொல்லுங்க.

சிரியம்_செல்வி

இன்னைக்குப் பாதித் தண்ணி மாத்து, நைட்ரேட் ஏறியிருக்கும். ஞாயித்துக்கிழமை சிரியம் வா. போன தடவை பொரிச்ச கௌராமி இப்ப 4 சென்டிமீட்டர், ஆண் பெண் தெரியுற அளவுக்கு வந்துடுச்சு. காசெல்லாம் வேண்டாம். மூடி இருக்கிற வாளி கொண்டு வா, பை வேண்டாம், பாலத்துல வண்டி குலுங்கும். வாளியில முக்கால்வாசித் தண்ணி, மேல காத்துக்கு இடம். காலையில 8 மணிக்குள்ள வந்துடு, வெயில் ஏறிட்டா நானே தர மாட்டேன். உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வா, அயிரையை அவங்களே பொறுக்கிக்கட்டும்.